யாழ்ப்பாணத்து வெயிலில் நடுத்தர விலைக் கைபேசி: அன்றாடப் பாவனையை எப்படி மதிப்பிடுவது?

உரும்பிராய்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு கைபேசி வாங்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அம்மாதான் பாவிக்கப் போகிறார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பியுடன் இரவில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்பது, கோயில் நேரலைகளைப் பார்ப்பது, மின்கட்டணம் செலுத்துவது ஆகியவை அவருடைய தேவைகள். பின்னேரங்களில் தங்கையின் மகள் ரியூசன் குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் அதில்தான் திறந்து படிப்பாள். விளையாட்டு எதற்கும் தேவையில்லை.

சம்சுங் கலக்ஸி ஏ16 4ஜி, ரெட்மி நோட் 13 4ஜி ஆகிய இரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டிலும் 5000 எம்ஏஎச் பற்றரியும் அமோலெட் திரையும் உண்டு. யூரியூப் விமர்சனங்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் குளிரூட்டிய அறைக்குள் இருந்து பெட்டியைத் திறந்து, ஒரு மதிப்பெண்ணைக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். கடைக்காரரோ, "108 மெகாபிக்சல் கமெரா, 16 ஜிபி ராம்" என்று இரண்டு எண்களையே திரும்பத் திரும்பச் சொன்னார். காசைக் கொடுப்பதற்கு முன் கடையில் எவற்றைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்த பின் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருத்தகம்

ஸ்ரான்லி வீதிப் பக்கம் கைபேசி திருத்தும் தொழில் செய்கிறேன். விற்பனை செய்வதில்லை என்பதால், எந்த நிறுவனத்துக்கும் பரிந்து பேச வேண்டிய தேவை எனக்கு இல்லை.

தம்பி, கடையில் உங்கள் கையில் தரப்படும் கைபேசியின் சேமிப்பகம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அது சூடாகியிருக்காது, கடையின் வைஃபையிலும் இணைந்திருக்கும். இந்த மூன்றும் இருந்தால் விலை குறைந்த கைபேசி கூடத் தடக்கமில்லாமல் ஓடும். "போன் சரியான ஸ்லோ அண்ணை, ஒருக்காப் பாருங்கோ" என்று எங்களிடம் கொண்டுவரப்படுபவற்றில் இந்த மூன்றும் தலைகீழாக இருக்கும். சேமிப்பகம் நிரம்பி வழியும், சட்டைப் பையிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் கிடந்து உடல் சூடேறியிருக்கும், சிக்னல் குறைந்த வீட்டின் உள்ளறையில்தான் அதைப் பாவிப்பார்கள். ஆகவே ஒரு கைபேசியை மதிப்பிட விரும்பினால், அதை நிரப்பி, சூடாக்கி, சிக்னல் குறைந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என்னுடைய கருத்து. கடையில் இவை எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஆனாலும் சிலவற்றை ஊகித்துக்கொள்ளலாம்.

சேமிப்பகத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் 128 ஜிபியா 256 ஜிபியா என்பதை மட்டுமே சொல்வார்கள். அது எந்த வகை என்பதை எவரும் சொல்வதில்லை. மலிவான கைபேசிகளில் பெரும்பாலும் ஈஎம்எம்சி 5.1 என்ற வகை இருக்கும், சற்று விலை கூடியவற்றில் யூஎஃப்எஸ் இருக்கும். ஈஎம்எம்சி ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் மாட்டாது, ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைச் செய்யும். யூஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாகச் செய்யும். இது வாகனங்கள் எதிரெதிரே ஒதுங்க முடியாத ஒழுங்கைக்கும் இரு தடப் பாதைக்கும் இடையிலான வித்தியாசம் போன்றது. வட்ஸ்அப்பில் கல்யாண வீட்டு வீடியோக்கள் ஐந்தாறு ஒன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்போது கமெராவைத் திறந்து பாருங்கள். ஈஎம்எம்சி உள்ள கைபேசி அந்த இடத்தில் திணறும். சேமிப்பகத்தின் வாசிப்பு வேகத்தை அளக்கும் அன்ட்ரோபெஞ்ச் போன்ற இலவசச் செயலிகள் உள்ளன. விநாடிக்கு 300 எம்பிக்கு உட்பட்ட தொடர்வாசிப்பு வேகம் வந்தால் அது அநேகமாக ஈஎம்எம்சி. யூஎஃப்எஸ் 2.2 ஆக இருந்தால் அதைப் போல மூன்று மடங்கு அளவில் வரும்.

இன்னுமொன்று: எந்த வகையாக இருந்தாலும் சேமிப்பகம் விளிம்பு வரை நிரம்பினால் வேகம் குறையும். புதிதாக ஒன்றை எழுதுவதற்கு வெற்று இடம் தேடிப் பழையவற்றை இடம் மாற்றி அழிக்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். என்னிடம் வரும் "ஸ்லோ" கைபேசிகளில் கணிசமானவற்றுக்கு நான் செய்யும் திருத்தம், வட்ஸ்அப்பில் தானாக இறங்கும் படங்களை நிறுத்திவிட்டு, குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கங்களை அழித்துவிடுவதுதான். அதற்குக் காசு வாங்கவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைக்காரர் சொன்ன 16 ஜிபி ராம் கணக்கில் உண்மையான ராம் 8 ஜிபிதான். மிகுதி, சேமிப்பகத்தில் ஒரு துண்டை ஒதுக்கி அதையும் ராம் என்று அழைப்பதால் வருவது. அந்த வசதியால் தீங்கு எதுவுமில்லை, ஆனால் அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கமெரா, யூரியூப், வரைபடம், உலாவி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிட்டு, முதலில் திறந்ததற்குத் திரும்பிப் போங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் ராம் போதுமானது. வெள்ளைத் திரை காட்டி முதலிலிருந்து தொடங்கினால், அம்மா கட்டணம் செலுத்தும்போது குறுந்தகவலில் வரும் இரகசிய எண்ணைப் பார்க்கப் போய்த் திரும்பிவர, வங்கிச் செயலி அவரை வெளியேற்றியிருக்கும்.

உரும்பிராய் என்றபடியால் இதையும் சொல்லி வைக்கிறேன். செம்மண் பக்கத்திலிருந்து வரும் கைபேசிகளில் "சார்ஜ் ஏறவில்லை" என்ற முறைப்பாடு அதிகம். உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, மின்னேற்றும் துளைக்குள் மரப் பற்குச்சியை மெதுவாக விட்டு இழுத்தால், சட்டைப் பைப் பஞ்சும் செம்புழுதியும் சேர்ந்து இறுகிய, செங்கல் நிறமான ஒரு சிறு தகடு வெளியே வரும். அதை உள்ளே தள்ளி இறுக்கியது வேறொன்றுமில்லை, ஒவ்வொரு இரவும் நாம் செருகும் வயர்தான். ஏ16இலும் நோட் 13இலும் சொல்லப்படும் ஐபி54 என்ற தரத்தில் 5 என்பது தூசு ஓரளவுக்கு உள்ளே போகலாம், ஆனால் இயக்கத்தைக் கெடுக்காது என்பதையும், 4 என்பது நீர்த்தெறிப்பைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். அதற்கு மேல் அதில் எதையும் வாசிக்காதீர்கள்.

கந்தர்மடத்து மாணவன்

திருத்தகம் அண்ணா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் மதிப்பெண் சோதனைகளை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது என்பது என்னுடைய எண்ணம். பிழை சோதனையில் இல்லை, அதை ஒரு தடவை மட்டும் ஓட்டிவிட்டு எண்ணைப் படம் பிடிப்பதில் இருக்கிறது. த்ரீடிமார்க் செயலியில் உள்ள அழுத்தச் சோதனை ஒரே காட்சியை 20 தடவை, 20 நிமிடங்கள் தொடர்ந்து ஓட்டி, முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை மதிப்பெண் எப்படி இறங்குகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும். நான் அந்தக் கோட்டின் சரிவைத்தான் பார்ப்பேன், உச்ச மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்கும் கைபேசி, யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதத்தில் மதியம் காணொளி அழைப்பு எடுத்தாலும் நிலைத்து நிற்க வாய்ப்பு அதிகம்.

மதிப்பெண்களை ஏன் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2021இல் வன்பிளஸ் 9 வரிசையும், 2022 மார்ச்சில் சம்சுங்கின் எஸ்22 உட்பட நான்கு தலைமுறை எஸ் வரிசைக் கைபேசிகளும், வேகத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் கீக்பெஞ்ச் என்ற சோதனைச் செயலியின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சாதாரணச் செயலிகளை ஓட்டும்போது சிப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டு, சோதனைச் செயலியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள் என்பதே அதற்கான காரணம்.

கேட்டவர் தெரிவுசெய்திருக்கும் இரண்டைப் பொறுத்தவரை, ஏ16 4ஜியில் மீடியாரெக்கின் ஹீலியோ ஜி99 சிப்பும், நோட் 13 4ஜியில் ஸ்நாப்டிராகன் 685 சிப்பும் உள்ளன. இரண்டும் 6 நானோமீற்றர் முறையில் செய்யப்பட்டவை, ஆகவே சூடாகும் அளவில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஜி99இல் ஏ76 வகைப் பெரிய கருக்கள் (சிப்புக்குள் கணக்கிடும் வேலையைச் செய்யும் பகுதிகள்) இரண்டும், 685இல் அதைவிடப் பழைய ஏ73 வகைக் கருக்கள் நான்கும் இருக்கின்றன. ஒரு செயலி திறக்கும் வேகம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கருக்களின் பலத்திலேயே தங்கியிருப்பதால், அந்த இடத்தில் ஜி99 முன்னுக்கு நிற்கும். நோட் 13இன் திரை 120 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கும், ஏ16இன் திரை 90 ஹேர்ட்ஸ். விரலால் தள்ளும்போது வித்தியாசம் தெரியும் என்று நான் சொல்வேன், அம்மாவுக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்வீர்கள். இரண்டு பேரும் சரிதான்.

திருத்தகம்

20 நிமிடச் சோதனையை எந்தக் கடைக்காரர் ஓட்ட விடுவார், தம்பி? வாங்கி வந்த பிறகு வீட்டில் ஓட்டிப் பார்க்க அது நல்லது. கடையில் கமெராவைத் திறந்து ஐந்து நிமிடங்கள் வீடியோ எடுங்கள். சிப், திரை, கமெரா, சேமிப்பகம் எல்லாம் ஒன்றாக வேலை செய்வதால் சூடு எந்த இடத்தில் ஏறுகிறது என்பது கைக்கே தெரியும்.

சூட்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லித்தியம் அயன் பற்றரியை வேகமாக முதுமையாக்குவது சூடும், முழு மின்னேற்றத்தில் நெடுநேரம் வைத்திருப்பதும் ஆகும். ஐபோன்களைப் பாவிப்பதற்கு 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சுற்றுப்புற வெப்பமே ஏற்றது என்று அப்பிள் நிறுவனம் குறிப்பிடுகிறது. வைகாசி மாதத்தில் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே ஒரு பகலை நினைத்துப் பாருங்கள், அந்த எல்லையை நாங்கள் வீட்டுக்குள்ளேயே தொட்டுவிடுகிறோம். அதற்கு மேல், மின்னேற்றிக்கொண்டே, தடித்த இறப்பர் உறையும் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் காணொளி அழைப்பில் இருந்தால் பற்றரி என்ன பாடுபடும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஊதிய பற்றரியால் பின்மூடி கிளம்பிய நிலையில் என்னிடம் வருபவற்றில் இந்தப் பழக்கத்தின் கைவரிசையை அடிக்கடி காண்கிறேன். கதைத்து முடித்த பின் சார்ஜ் போடுங்கள், அல்லது உறையையாவது கழற்றி வையுங்கள்.

சம்சுங் கைபேசிகளில் வரும் ஒன் யூஐ என்ற மென்பொருளின் 6.1 பதிப்பு முதல், பற்றரிப் பாதுகாப்பு என்ற அமைப்பில் 80 வீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்திவைக்கும் தெரிவு உண்டு. இரவு முழுவதும் சார்ஜில் விடும் வீடுகளுக்கு, விளம்பரத்தில் வரும் பல அம்சங்களை விட இது பெறுமதியானது.

வடமராட்சி ஆசிரியை

இவ்வளவு நேரமும் சிப்பையும் சூட்டையும் பற்றிக் கதைத்தீர்கள். பிள்ளை படிக்கப் போகும் திரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வினாத்தாள்கள் ஏ4 அளவில் தட்டச்சு செய்யப்பட்ட பிடிஎஃப் கோப்புகளாக வருகின்றன. கடைக்குப் போகும்போது அப்படி ஒரு கோப்பை உங்கள் பழைய கைபேசியில் எடுத்துச் சென்று, புதியதற்கு அனுப்பித் திறந்து பாருங்கள். கணித வினாத்தாளின் பின்னங்களும் அடுக்குகளும் பெரிதாக்காமல் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றனவா, பெரிதாக்கிப் பக்கம் தள்ளும்போது எழுத்து தெளிவடையச் சுணங்குகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் ஏறக்குறைய 6.7 அங்குலத் திரையும், 1080 புள்ளி அகலமும் கொண்டவை என்பதால் தெளிவில் குறை இருக்காது. இதைவிட விலை குறைந்தவற்றில் 720 புள்ளி அகலத் திரைகள் வருகின்றன. தமிழில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி அதில் மங்கிவிடும், பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பாள்.

எங்களுடைய வட்டாரத்தில் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகளை அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அவற்றை எந்தக் கைபேசியில் திறந்தாலும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், ஏனெனில் பாமினி யுனிகோட் முறையைச் சேர்ந்ததல்ல. அது கைபேசியின் குறை என்று நினைத்துக் கடையில் சண்டை பிடித்தவர்களும் உண்டு. அனுப்புபவரிடம் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவுக்காக இன்னும் இரண்டு விடயங்களைப் பாருங்கள். எழுத்தின் அளவை அமைப்புகளில் மிகப் பெரிதாக்கிய பின், வட்ஸ்அப்பிலும் வங்கிச் செயலியிலும் பொத்தான்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றனவா என்று பாருங்கள். அப்படி ஏறினால் அனுமதி கொடுக்க வேண்டிய இடம் திரைக்கு வெளியே போய்விடும், அம்மா தனியே இருக்கும்போது ஒன்றும் செய்ய முடியாது. மற்றையது குரல் வழித் தட்டச்சு. கூகுள் விசைப்பலகையின் மொழிப் பட்டியலில் தமிழ் (இலங்கை) என்று தனியாக உண்டு, அதைத் தெரிவுசெய்து, கடைக்கு வெளியே வீதிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். ஒலிவாங்கியின் தரம் அதில் வெளிப்படும். ரொறன்ரோவில் இருப்பவருக்கு அம்மாவின் குரல் எப்படிக் கேட்கும் என்பதும் அதே ஒலிவாங்கியில்தான் தங்கியிருக்கிறது.

குறிகட்டுவான் பயணி

வேலை நிமித்தம் நெடுந்தீவுக்குப் படகில் போய் வருபவன் நான். எனக்குக் கைபேசி என்றால் முதலில் சிக்னல். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தீர்மானிக்கிறது. அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பகுதிக்குள் போய் சிம் நிலை என்பதைத் திறந்தால், சிக்னலின் பலம் டிபிஎம் அளவில், கழித்தல் குறியுடன் ஓர் எண்ணாகக் காட்டப்படும். 4ஜியில் -85 அளவில் இருந்தால் நல்லது, -110ஐத் தாண்டி இறங்கினால் பலவீனம். ஒரே சிம்மை, ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் வைத்து இரண்டு கைபேசிகளில் மாறி மாறிப் போட்டு அந்த எண்ணைப் பாருங்கள். அது மேலும் கீழும் ஆடும், ஆகவே ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆறு ஏழு டிபிஎம் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால், அலைவாங்கியில் ஒன்று மற்றதை விடச் சிறந்தது என்று கொள்ளலாம்.

இந்த எண்ணுக்கும் பற்றரிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கோபுரம் தூரத்தில் இருந்தால் கைபேசி தன் ஒலிபரப்புப் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கரையில் நாள் முழுவதும் தாங்கும் அதே பற்றரி, கடலுக்கு நடுவே கோபுரம் தேடித் தேடி இறங்குவதை நான் ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். விமர்சகர்கள் சொல்லும் "ஒன்றரை நாள் தாங்கும்" என்ற கணக்கெல்லாம் அவர்கள் இருக்கும் நகரத்தின் கோபுர நெருக்கத்துக்கு உரியது. உங்கள் வீட்டின் உள்ளறையில் எண் -110 என்றால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

குரல் அழைப்பு 4ஜியிலேயே போகிறதா என்பதையும் பாருங்கள். உங்கள் சிம்மைப் போட்டு ஒருவருக்கு அழைப்பை எடுத்து, கதைத்துக்கொண்டிருக்கும்போதே 4ஜி அடையாளம் நிற்கிறதா, மறைகிறதா என்று கவனியுங்கள். மறைந்தால் வோல்ரீ, அதாவது 4ஜியிலேயே குரல் அழைப்பு எடுக்கும் வசதி, இயங்கவில்லை என்று பொருள். அழைப்பு இணையச் சற்றுக் கூடுதலாகச் சுணங்கும், அழைப்பின் நடுவே இணையமும் ஒன்றில் நின்றுவிடும் அல்லது மிக மெதுவாகும். கைபேசியில் அந்த வசதி இருந்தால் மட்டும் போதாது, குறித்த மாதிரிக்கு வலையமைப்பு நிறுவனமும் அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும்.

கடற்காற்றைப் பற்றியும் ஒரு சொல். ஐபி67, ஐபி68 போன்ற நீர்த்தரங்கள் எல்லாம் நன்னீரில் சோதித்துக் கொடுக்கப்படுபவை. உப்புநீர் பட்ட கைபேசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடாமல் சார்ஜில் போட்டால், அந்தத் துளையின் செப்புப் பற்கள் பச்சை பிடிக்கும்.

நல்லூர் நிழற்படக்காரர்

108 மெகாபிக்சல் என்ற எண்ணுக்கு விளக்கம் தேவை. கமெராவில் ஒளியைப் பிடிக்கும் அந்த உணரியில் ஒன்பது சிறு புள்ளிகள் சேர்ந்து ஒரு புள்ளியாகி, சாதாரணமாக வரும் படம் 12 மெகாபிக்சல் அளவிலேயே இருக்கும். ஏ16இன் 50 மெகாபிக்சல் உணரியில் நான்கு புள்ளிகள் ஒன்றாகி, முடிவில் வருவது அதே 12 மெகாபிக்சல் அளவுதான். அதோடு, வீடியோ என்று வந்தால் இரண்டுமே 1080 புள்ளி, விநாடிக்கு 30 சட்டம் என்ற எல்லையில் நின்றுவிடும். இரண்டிலும் 4கே இல்லை. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கமெராவைச் சோதிக்க எங்கள் ஊரில் கடினமான காட்சிகளுக்குக் குறைவில்லை. தேர்த் திருவிழாவன்று காலை வெயில் எதிரே அடிக்கும்போது, வெள்ளை வேட்டியும் வெற்றுடம்புமாக நிற்கும் கூட்டத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். வேட்டியின் மடிப்புகள் தெரிய வேண்டும், அதே படத்தில் தேரின் நிழலுக்குள் நிற்பவர்களின் முகமும் தெரிய வேண்டும். மலிவான கமெராவில் வேட்டி வெள்ளைத் தாளாகிவிடும், அல்லது முகங்கள் கரியாகிவிடும். திருவிழா வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, கடை வாசலின் நிழலில் ஒருவரை நிறுத்தி, பின்னால் வெயில் வீதி தெரியும்படி எடுத்தாலும் இதே குறை தெரிந்துவிடும். பிறகு ஓடித்திரியும் ஒரு சிறு பிள்ளையைக் குழல் விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள். அன்றாட வாழ்க்கையில் நாம் எடுக்கும் படங்களில் பாதி அதுதான், ஆனால் விமர்சனங்களில் எல்லோரும் பூச்சாடியைத்தான் எடுக்கிறார்கள்.

திரையின் வெளிச்சத்தையும் வெளியில் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும். நோட் 13க்கு 1800 நிட்ஸ் என்று சொல்லப்படுவது உச்ச அளவு. வெயிலில் தானியங்கி வெளிச்சம் இயங்கும்போது மட்டுமே திரை அந்தப் பக்கம் ஏறும், கைபேசி சூடானால் தானாகவே குறைந்துவிடும். 2022இல் எரிபொருள் நிலைய வரிசையில் நின்று கியூஆர் குறியைக் காட்டியவர்களுக்கு, வெயிலில் மங்கும் திரை எவ்வளவு தொல்லை என்பது நினைவிருக்கும்.

மோட்டார் சைக்கிள் கைபிடியில் கைபேசியைப் பூட்டி வழி பார்ப்பவர்கள் கவனத்துக்கு: வலுவான மோட்டார் சைக்கிள் இயந்திரங்களின் அதிர்வு, கமெராவின் நடுக்கத் தடுப்புப் பொறியைக் காலப்போக்கில் கெடுக்கலாம் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. இங்கே பேசப்படும் இரண்டு கைபேசிகளிலும் அந்தப் பொறி இல்லை, ஆகவே கெடுவதற்கும் ஒன்றுமில்லை.

ஸ்காபரோவிலிருந்து

இதையெல்லாம் பார்க்கும்போது, இங்கிருந்து நல்ல கைபேசி ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. கனடாவில் 2017 டிசம்பர் முதல் கைபேசிகளைப் பூட்டில்லாமலே விற்க வேண்டும் என்ற விதி இருப்பதால், சிம் பூட்டுப் பிரச்சினையும் வராது.

குறிகட்டுவான் பயணி

அண்ணா, பூட்டு இல்லை என்பது ஒரு பகுதிதான். அங்கு விற்கப்படும் மாதிரி எந்த அலைவரிசைகளைப் பிடிக்கிறது என்று பாருங்கள். இலங்கையில் 4ஜிக்கு அடிப்படையான 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது 3ஆம் அலைவரிசை, அதில் இருக்க வேண்டும். வோல்ரீ கிடைக்காமல் போகும் ஆபத்து வெளிநாட்டு மாதிரிகளில்தான் கூடுதல். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கி அனுப்புவதானால், ஐபோன் 14 முதல் அங்கு விற்கப்படுபவற்றில் சிம் தட்டே இல்லை, கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈசிம் மட்டுமே என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரமும் இருக்கிறது. இங்கே கடையில் வாங்குபவர்கள் *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்ஈஐ எண் திரையில் வரும். குறுந்தகவலில் ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் எழுதி 1909க்கு அனுப்பினால் பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.

வடமராட்சி ஆசிரியை

எத்தனை ஆண்டுகள் பாவிக்கலாம் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லையே? ஏ16க்கு ஆறு அன்ட்ராய்ட் தலைமுறைகளும் ஆறு ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாக சம்சுங் அறிவித்திருக்கிறது. நோட் 13க்கு அவ்வளவு நீண்ட உறுதிமொழி இல்லை. வங்கிச் செயலி இருக்கும் கைபேசியில் இது முக்கியம்.

கந்தர்மடத்து மாணவன்

உறுதிமொழியை நானும் மதிக்கிறேன், ரீச்சர். ஆனால் 4 ஜிபி ராம் உள்ள வகையை வாங்கினால் நான்காவது, ஐந்தாவது அன்ட்ராய்ட் தலைமுறை வரும்போது அந்தக் கைபேசியால் அதைச் சுமக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஏ16 பல ராம் அளவுகளில் வருகிறது. பெட்டியின் பின்புறத்தைப் பார்த்து 6 அல்லது 8 ஜிபி உள்ளதை எடுத்தால்தான் அந்த ஆறு ஆண்டுகளுக்கு அர்த்தம் இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு விடயம், அவை ராமைத் தின்பதில்லை. அந்த அளவில் நீங்கள் சொல்வதுதான் சரி.

உரும்பிராய்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரருக்கு முதலில் எரிச்சலாக இருந்தாலும், 1909க்குத் தகவல் அனுப்பும் முறையைப் பார்த்த பிறகு அவரே ஆர்வமாகிவிட்டார்.

கண்டவற்றைச் சொல்கிறேன். செயலிகளைத் திறந்து முதலாவதற்குத் திரும்பும் சோதனையில் இரண்டும் தேறின, இரண்டும் 8 ஜிபி வகைகள். கடையின் பின்பக்கக் களஞ்சிய அறையில் என்னுடைய சிம்மை மாற்றி மாற்றிப் போட்டதில் டிபிஎம் எண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வாசலில் நின்று எடுத்த படங்களில் இரண்டுமே வீதியின் வெளிச்சத்தில் ஓரளவு தடுமாறின. நோட் 13இன் திரை தள்ளுவதற்கு மென்மையாக இருந்தது, ஹெட்போன் செருகும் 3.5 மில்லிமீற்றர் துளையும் அதில் உண்டு. அதை விடுவதற்கு மனம் சற்றுத் தயங்கியது. ஆனால் அம்மாவின் வங்கிக் கணக்கு இருக்கப் போகும் கைபேசி என்பதால் ஆசிரியை சொன்ன காரணம் எடை கூடியதாகப் பட்டது. எழுத்தை மிகப் பெரிதாக்கிப் பார்த்தபோதும் வங்கிச் செயலியின் பொத்தான்கள் இடம் பிசகவில்லை. ஏ16ஐ எடுத்துவிட்டேன். *#0*# என்று அழுத்தினால் வரும் சம்சுங்கின் சோதனைத் திரையில் சிவப்பு, பச்சை, நீல நிறங்களை முழுத்திரைக்கு நிரப்பி, செத்த புள்ளி ஏதும் இல்லை என்பதையும் கடையிலேயே உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. சிம் தட்டில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்ட்டுக்கும் ஒரே இடம்தான் இருக்கிறது, அம்மாவிடமோ இரண்டு சிம் உண்டு. பெட்டியில் சார்ஜரும் இல்லை. வீட்டில் பழைய சம்சுங் சார்ஜர் ஒன்று கிடக்கிறது, அது போதுமா?

திருத்தகம்

இரண்டு சிம்மையும் போடுங்கள். 128 ஜிபி அம்மாவுக்குக் காணும், வட்ஸ்அப்பில் தானாகப் படம் இறங்குவதை இன்றைக்கே நிறுத்திவிட்டால் போதும். மெமரி கார்ட்டில் படங்களைச் சேர்த்து, அது ஒருநாள் வாசிக்க மாட்டேன் என்று நின்றபின் என்னிடம் கொண்டுவந்து அழுபவர்களை நிறையக் கண்டுவிட்டேன்.

பழைய சார்ஜர் 15 வோட் வகையாக இருக்கும், தாராளமாகப் பாவிக்கலாம். முழு 25 வோட் வேகம் வேண்டுமானால் யூஎஸ்பி பிடி முறையில் பிபிஎஸ் வசதி உள்ள சார்ஜர் தேவை, அதை வாங்கும்போது அந்த எழுத்துகள் அதில் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும் வீட்டுக்கு 15 வோட்டே நல்லது, சூடும் குறைவு. வயரை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய வயரின் முனையில் உங்கள் செம்மண் ஏற்கனவே குடியிருக்கும்.

உரும்பிராய்க்காரன்

வயர் வாங்கியாயிற்று, 80 வீத எல்லையையும் போட்டுவிட்டேன். அம்மா காலையில் எழும்பி, "ஏன் நிறையேல்லை?" என்று கேட்கிறார். விளக்கிக்கொண்டிருக்கிறேன்.